காட்டாற்றில் ஆள் போனால் காப்பது யார்?

திருவண்ணாமலை ஜில்லாவில் ஜவ்வாது மலை இருக்கிறது. அந்த மலையின் மேலே ஓர் ஊர். பெயர் ஜமுனாமரத்தூர். போளூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து போகும் பாதை வழியாக அங்கே போய்ச் சேரலாம்.

சாமை, தேன், புளி, பலாப்பழம் ஆகியவை இந்த மலையின் செல்வம். 'மலையாளிகள்' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்.

மலையின் இன்னொரு செல்வம் தண்ணீர். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் பீமன் அருவி விழுகிறது. செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. செங்கம் பக்கத்தில் குப்பநத்தம் அணை, கலசபாக்கம் பக்கத்தில் மிருகண்டா அணை, படவேடு பக்கத்தில் செண்பகத்தோப்பு அணை. இந்த மூன்று அணைகளுக்கும் தண்ணீர் ஜவ்வாது மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது.

சித்திரை, வைகாசியில் பார்த்தால், மலை ஓடையில் குழந்தை கூடத் தாண்டிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அதே ஓடையைப் பாருங்கள். யானை இறங்கினாலும் யோசிக்கும்!

பள்ளிக்கூடம் விட்டுப் பையன் வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. தினமும் நடக்கிற பாலம்தானே என்று காலை வைக்கிறான். அடுத்த விநாடி அவனைக் காணவில்லை. கரையில் நிற்கிறவள் கத்துகிறாள்:

"அண்ணே! ஓடிவாங்க அண்ணே! புள்ளையத் தண்ணி அடிச்சிக்கிட்டுப் போகுது!"

இப்போது யார் வருவார்கள்?

தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. அதன் நான்காவது பட்டாளம் அரக்கோணத்தில் இருக்கிறது. திறமை மிகுந்த படை. ரப்பர் படகு, கயிறு, லைப் ஜாக்கெட் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அரக்கோணத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். கடைசிப் பகுதி மலைப்பாதை. மழையில் ஒரு மரம் விழுந்தால் போதும், வண்டி நின்றுவிடும்.

மூச்சு நின்ற மனிதனின் மூளை நாலைந்து நிமிடத்தில் கெட ஆரம்பிக்கிறது. நூறு கிலோமீட்டர் தூரத்தை நாலு நிமிடத்தில் கடக்கக்கூடிய வண்டி எந்த நாட்டிலும் இல்லை.

ஆகவே, பையனைக் காப்பாற்றுவதானால் அந்த அண்ணன்தான் காப்பாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன், ஆடு மேய்ப்பவன், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன், இவர்கள்தான் முதல் மீட்புப் படை. இது வீர வசனம் அல்ல. கடிகாரம் சொல்லும் கணக்கு.

அவர்களுக்கு ஓடும் வெள்ளத்தில் மீட்புப் பயிற்சி கொடுத்தால் என்ன? கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை பல இருக்கின்றன.

2024 டிசம்பர் சொன்ன பாடம்

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடற்கரை ஜனங்கள்தான் பயந்தார்கள். உள்நாட்டில் இருந்தவர்கள், "நமக்கென்ன, மழை பெய்யும், போகும்" என்று இருந்தார்கள்.

புயல் உள்ளே வந்து மெதுவாக நகர்ந்தது. கொண்டுவந்த தண்ணீரை எல்லாம் கொட்டியது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை! கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊர் அது! அங்கே நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டது.

டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்தது. ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

மறுநாள் விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேறியது. இது எவ்வளவு தண்ணீர்? ஊரில் குடிதண்ணீர் கொண்டுவரும் பெரிய லாரி ஒன்றில் 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அப்படிப்பட்ட லாரிகள் நானூறு, ஒவ்வொரு விநாடியும், கண்ணை மூடித் திறப்பதற்குள் கொட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அவ்வளவு தண்ணீர்! தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

அப்போது மீட்புப் படையினர் பல ஜில்லாக்களில் பிரிந்து நின்றார்கள். திருவண்ணாமலையில் மண்ணைத் தோண்ட வேண்டும். விழுப்புரத்தில் படகு ஓட்ட வேண்டும். கடலூரில் ஜனங்களைக் கரை ஏற்ற வேண்டும். பெரிய புயல் அடிக்கும்போது எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன. மலைக் கிராமத்தின் குரல் கடைசியில்தான் கேட்கும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கைகள் குறைவு, அபாயம் அதிகம்.

நீச்சல்காரனுக்குத்தான் முதல் ஆபத்து

"எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். பிறகு என்ன பயிற்சி?" என்று கேட்பவர்கள் உண்டு.

கிணற்று நீச்சல் வேறு. காட்டாற்று நீச்சல் வேறு. கிணற்றில் தண்ணீர் சும்மா இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் அடிக்கிறது. ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28 கிலோ. அது ஓடி வந்து காலில் மோதுகிறது. மோதிவிட்டு நிற்பதில்லை, பின்னால் அடுத்தது, அதற்குப் பின்னால் அடுத்தது.

இன்னொரு விஷயம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது தள்ளும் பலம் இரண்டு மடங்கு அல்ல. நாலு மடங்கு ஆகிறது. வேகம் மூன்று மடங்கானால் பலம் ஒன்பது மடங்கு. ஆகவேதான் அரை அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் ஓர் ஆளைக் கீழே தள்ளிவிடுகிறது. இரண்டு அடி ஆழம் ஓடினால் காரையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று கத்துவான். நீச்சல் தெரிந்தவன் குதித்துவிடுவான். போனது ஓர் உயிர் என்பது மாறி, இரண்டு உயிர் ஆகிவிடுகிறது.

2022 ஜூன் 5-ந் தேதி கடலூர் ஜில்லாவில் நெல்லிக்குப்பம் பக்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போனவர்கள், சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் போனார்கள். ஒருவர் கூடத் திரும்பவில்லை. அன்று வெள்ளம் கூட இல்லை. அன்பு இருந்தது, ஓடிப்போய்க் கை கொடுக்கும் மனசு இருந்தது. எட்டிப் போடுவதற்கு ஒரு கயிறோ, ஒரு நீளக் கொம்போ கையில் இருந்திருந்தால்...

மீட்புப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான். காப்பாற்றப் போகிறவன் முதலில் தன் உயிரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, கூட வந்தவர்களின் உயிர். தண்ணீரில் தத்தளிப்பவன் மூன்றாவதுதான். கேட்பதற்குக் கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் காப்பாற்றுகிறவன் மூழ்கிவிட்டால், தத்தளிப்பவனுக்கு வேறு கதி ஏது?

ஆகவே ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் குரல் கொடு: "மல்லாந்து படு, காலை முன்னால் நீட்டு, அந்தப் பாறைப் பக்கம் வா" என்று சொல். அது போதவில்லையா, கொம்பு நீட்டு. எட்டவில்லையா, கயிறு எறி. அதுவும் முடியவில்லையா, படகில் போ. எதுவுமே இல்லை என்றால் கடைசியாகத்தான் நீச்சல். அதுவும் பழகியவன், லைப் ஜாக்கெட் போட்டவன் மட்டும்.

நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. குதிப்பது முதலில், கயிறு தேடுவது கடைசியில்!

இடுப்பில் கட்டும் கயிறு

ஊர் வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளத்தில் இறங்குகிறவனின் இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டி, நாலு பேர் கரையில் பிடித்துக்கொள்வார்கள். "பயமில்லை, போ! நாங்கள் பிடித்திருக்கிறோம்" என்பார்கள்.

இதைவிட அபாயமானது வேறு இல்லை.

எப்படி? நடு வெள்ளத்தில் அவன் கால் தவறுகிறது. கயிறு விறைக்கிறது. தண்ணீர் அவனைக் கீழே தள்ளப் பார்க்கிறது; கயிறோ விடமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் தண்ணீருக்கு அடியில் அமுங்குகிறான். கரையில் இருப்பவர்கள் பதறிப்போய் இன்னும் பலமாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க அவன் இன்னும் ஆழத்தில் போகிறான். முடிச்சோ நனைந்து இறுகிப் போயிருக்கும். அவிழ்க்க முடியாது. காப்பாற்றுவதற்குக் கட்டிய கயிறே ஆளைக் கொன்றுவிடுகிறது.

மீட்புப் படையினர் போடும் விசேஷ லைப் ஜாக்கெட்டில் ஒரு வார் இருக்கும். அதில்தான் கயிற்றை மாட்டுவார்கள். ஒரு பிடியை இழுத்தால் வார் உடனே கழன்றுவிடும். அந்தச் சாதனம் இல்லாமல் யாரும் உடம்பில் கயிறு கட்டக் கூடாது. கையிலும் சுற்றிக்கொள்ளக் கூடாது. எறிகிறவனும் சுற்றக் கூடாது, பிடிக்கிறவனும் சுற்றக் கூடாது.

கயிற்றிலும் ஜாதி உண்டு. தாம்புக்கயிறு தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். நைலான் கயிறு உறுதியானது. ஆனால் தண்ணீரில் அமிழும், பாறை இடுக்கில் சிக்கும். பாலிபுரொப்பிலின் என்ற சரக்கில் செய்த கயிறு தண்ணீரில் மிதக்கும். மீட்பு வேலைக்கு இதுதான் நல்லது. ஐம்பது அறுபது அடிக் கயிற்றை ஒரு சிறு பையில் அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால், பை போகப் போகக் கயிறு தானாக அவிழ்ந்துகொண்டே போகும்.

பையை எங்கே வீசுவது? தத்தளிப்பவன் மேலேயே விழும்படி வீச வேண்டும். பிடித்தவன் கயிற்றைத் தோளுக்கு மேலே போட்டு, மார்போடு அணைத்து, மல்லாந்து படுக்க வேண்டும். கரையில் இருப்பவன் கயிற்றைத் தன் பக்கம் இழுக்க வேண்டியதில்லை. உறுதியாக நின்றாலே போதும். கடிகாரத்தின் பெண்டுலம் போல, வெள்ளமே ஆளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். தண்ணீரோடு சண்டை போடாமல், தண்ணீரையே வேலை வாங்குவது!

பயிற்சி எங்கே, யாருக்கு?

2004-ல் சுனாமி வந்தது. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவாயிற்று. இன்று அதில் 16 பட்டாளங்கள் இருக்கின்றன. வெள்ளத்தில் ஆளை மீட்பதோடு, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்கள் வேலை.

2016-ல் மத்திய சர்க்கார் 'ஆப்த மித்ரா' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. ஆபத்துக் காலத்து நண்பன் என்று பொருள். முதலில் வெள்ள அபாயம் உள்ள முப்பது ஜில்லாக்களில் நடந்தது. பிறகு 350 ஜில்லாக்களில், ஒரு லட்சம் தொண்டர்களுக்கு என்று விரிந்தது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி. ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் பன்னிரண்டு நாளில் எத்தனை பாடம்! தீ, பூகம்பம், முதலுதவி, பாம்புக்கடி, புயல், வெள்ளம் என்று எல்லாம் உண்டு. ஓடும் வெள்ளத்துக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் முழுப் பலன் கிடைக்க வேண்டுமானால், போகிறவர்கள் தயாராகப் போக வேண்டும். வெறுங்கையோடும் வெறும் மனசோடும் போனால், சான்றிதழோடு திரும்பலாம், அவ்வளவுதான்.

உடம்பைத் தயார் செய்வது எப்படி?

ஒரு மாதம் முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டும். மலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலில் பலம் இருக்கும். தோளுக்கும் மூச்சுக்கும்தான் பழக்கம் வேண்டும். நிற்கும் தண்ணீரில், ஆழம் தெரிந்த இடத்தில், கரையில் ஒருவரைக் காவல் வைத்துக்கொண்டு, தினமும் நீந்த வேண்டும். வேகம் முக்கியம் அல்ல. பத்து நிமிடம் களைக்காமல் மல்லாந்து மிதக்க முடிகிறதா? அது முக்கியம். சட்டை, கால்சட்டையோடு நீந்திப் பார்க்க வேண்டும். உடுப்போடு நீந்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரியும்.

வலிப்பு, இருதயக் கோளாறு, காதில் சீழ் போன்ற நோய் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது. மறைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால், கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து. அவர்களுக்குக் கரையில் வேலை இல்லையா என்ன? மேலே நின்று தண்ணீரைப் பார்ப்பது, போன் செய்வது, மூச்சு கொடுப்பது, இவையும் மீட்பு வேலைதான். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் உள்ளவர்கள் ஆறும் வரை இறங்க வேண்டாம். தடுப்பு ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடுப்பு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். வேஷ்டி, லுங்கி, புடவை, தாவணி எதுவும் தண்ணீரில் ஆகாது. காலில் சுற்றிக்கொள்ளும், கிளையில் மாட்டும். உடம்போடு ஒட்டிய கால்சட்டையும் சட்டையும் வேண்டும். பெண்களும் அப்படியே. கூந்தலை இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும். செருப்பு கழன்று போகும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸில் தண்ணீர் நிறைந்து காலை இழுக்கும். நாடா கட்டிய பழைய கான்வாஸ் ஷூ போதும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையும் போடக் கூடாது. அதற்குள் தண்ணீர் புகுந்து கழுத்தைத் திருகிவிடும். அதற்கென்று தண்ணீர் வடியும் ஹெல்மெட் தனியாக இருக்கிறது.

ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். விலை கொஞ்சம்தான், பலனோ பெரிது. வெள்ளத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கூடக் கேட்காது. எத்தனை ஊதல் ஊதினால் என்ன அர்த்தம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கயிறு எறிவதை வீட்டு வாசலிலேயே பழகலாம். காலி எண்ணெய்க் கேனில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி இறுக்கி, கைப்பிடியில் கயிறு கட்டி வீசிப் பாருங்கள். நாற்பது அடி தூரத்தில் ஒரு கூடையை வைத்து அதில் படும்படி வீச வேண்டும். முதல் நாள் பத்துக்கு ஒன்று கூடப் படாது. ஒரு வாரத்தில் ஐந்து படும். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. வம்பு பேசும் நேரமாவது மிஞ்சும்!

ஓடையைப் படிக்க வேண்டும்

பயிற்சிக்குப் போகுமுன் செய்ய வேண்டிய பெரிய வேலை இன்னொன்று. சொந்த ஊர் ஓடையைப் படிக்க வேண்டும்.

மழை இல்லாத நாளில், தண்ணீர் குறைந்திருக்கும்போது, ஓடை ஓரமாக ஒரு மைல் தூரம் நடக்க வேண்டும். பிள்ளைகள் எங்கே தாண்டுகிறார்கள்? விறகுக்குப் போகும் பெண்கள் எங்கே தாண்டுகிறார்கள்? எந்தத் தரைப்பாலம் முதலில் முழுகும்? எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும்? அங்கேதான் அடித்துப்போகப்பட்டவன் ஒதுங்குவான். எந்த இடத்தில் மூங்கிலும் முள்மரமும் தண்ணீரில் சாய்ந்து கிடக்கின்றன? அது எமன் வாய். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும்; ஆள் போகமாட்டான். தண்ணீர் அவனைக் கிளையோடு சேர்த்து அழுத்திவிடும். பாறை இடுக்கில் கால் மாட்டினாலும் அதே கதிதான். ஆகவேதான் வெள்ளத்தில் போகிறவன் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது. காலை மேலே தூக்கி மிதக்க வேண்டும் என்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படமாகப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனால், கற்றுக்கொடுப்பவரிடம் காட்டிக் கேட்கலாம்: "ஐயா, எங்கள் ஊர் ஓடை இப்படி. இந்த இடத்தில் ஆள் போனால் நாங்கள் எங்கே நிற்பது?" இப்படி ஒரு கேள்வி கேட்கிறவன், பத்துப் பாடம் கேட்டவனுக்குச் சமம்.

ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஓடையின் சத்தம் மாறும். இங்கே வெயில் அடித்தாலும், மேலே மழை கொட்டிவிட்டது என்பதற்கு இவை அடையாளம். உடனே கரை ஏறிவிட வேண்டும்.

இதை அறியாமல் போன உயிர்கள் எத்தனை! 2014 ஜூன் 8-ந் தேதி இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று, ஐதராபாத் மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள். 24 மாணவ மாணவிகள் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் அருவி திடீரென்று பெருகியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் மாண்டான். இரண்டு இடத்திலும் ஆபத்து மேலே இருந்து வந்தது. ஜனங்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதனால்தான் மீட்பு வேலை நடக்கும்போது ஒருவர் மேல்பக்கம் நின்று, வருகிற தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். மரம் மிதந்து வந்தால் விசில் ஊத வேண்டும். கீழ்ப்பக்கம் இன்னும் இரண்டு பேர் கயிற்றோடு நிற்க வேண்டும். முதல் கயிறு தவறினால் அவர்கள் கயிறு பிடிக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் கூட்டமாக நின்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை.

தடுப்பணை பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். மேலே கண்ணாடி போல் தண்ணீர்; கீழே வெள்ளை நுரை. அந்த நுரைக்குள் தண்ணீர் சக்கரம் போல் சுழல்கிறது. விழுந்தவனை அமுக்கும், மேலே கொண்டுவரும், திரும்பவும் சுவர்ப் பக்கம் இழுத்து அமுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் நீச்சலும் எடுபடாது. பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களே வெளிநாடுகளில் இதில் மாண்டிருக்கிறார்கள். தடுப்பணைக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. கரையிலிருந்து கயிறு எறிவது ஒன்றுதான் வழி.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு

தண்ணீர் குடித்தவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது ஆகியவை பெரிய தவறு. வயிற்றில் உள்ள தண்ணீர் அல்ல விஷயம். உடம்பில் காற்று இல்லை என்பதுதான் விஷயம். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு என்று விடாமல் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். கண் திறந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டுவது உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

மீனவர்கள் எப்படிச் சாதித்தார்கள்?

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெரு வெள்ளம் வந்தது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர்கள் காப்பாற்றியதாகக் கேரள அரசு கணக்குச் சொன்னது. 2015-ல் சென்னை வெள்ளத்திலும் மீனவர்கள் இப்படித்தான் வந்தார்கள்.

அவர்கள் எந்தச் சான்றிதழும் வைத்திருக்கவில்லை. பிறகு எப்படி முடிந்தது? படகு அவர்களுடையது. கயிறு அவர்களுடையது. தினமும் தண்ணீரில் புழங்கிய கை. சாதனமும் பழக்கமும் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன.

ஜவ்வாது மலை வாலிபனிடம் மலை அறிவு இருக்கிறது. தேன் எடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்கும் துணிச்சல் இருக்கிறது. அவனிடம் இல்லாதது சாமானும், வெள்ளத்தில் கயிற்றை உபயோகிக்கும் முறையும்தான். முறையைப் பயிற்சி கொடுத்துவிடும். சாமானை யார் கொடுப்பது?

இங்கேதான் சர்க்காரும் பஞ்சாயத்தும் யோசிக்க வேண்டும். பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஒரு கயிறு கூடக் கொடுக்காமல் ஊருக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? அடுத்த வெள்ளத்தில் அவர்கள் வெறுங்கையோடு கரையில் நிற்பார்கள். பயிற்சி பெற்றவன் என்று ஊரே அவனைப் பார்க்கும். வெட்கத்துக்குப் பயந்து குதித்துவிடுவான். அரைகுறை ஏற்பாடு, ஏற்பாடே இல்லாததைவிட மோசம்.

ஒவ்வொரு அபாயமான தரைப்பாலத்துக்கும் இரண்டு கயிற்றுப் பை, நாலு லைப் ஜாக்கெட், ஒரு நீள மூங்கில் கொம்பு. மலை முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தாலும் பெரிய செலவு அல்ல. தரைப்பாலத்தின் பக்கத்தில் அடிக்கணக்கு எழுதிய ஒரு கல் நட்டு, அரை அடிக்கு மேலே சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டால், எழுத்துத் தெரியாதவர்கள் கூட நின்றுவிடுவார்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பு, புரட்டாசியில் ஒரு நாள், பயிற்சி பெற்றவர்கள் கூடி ஒத்திகை பார்க்க வேண்டும். ஆபத்து வந்தால் 112. ஜில்லா வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த எண்கள் பள்ளிக்கூடச் சுவரில் இருக்க வேண்டும்.

கயிற்றுப் பையை எங்கே வைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பஞ்சாயத்து அறையில் வைத்துப் பூட்டினால் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளம் வருகிற அன்று சாவி வைத்திருப்பவர் போளூருக்குச் சந்தைக்குப் போயிருப்பார். தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடை வாசலில், ஓர் ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்கட்டும்.